இலவச பிளகின்களை நம்பலாமா? கோத்தகிரி ஹோம்ஸ்டேக்காரர் கேட்ட கேள்விக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள், வேர்ட்பிரஸ் என்ற, வெப்சைட் செய்கிற மென்பொருளில் ஒரு வெப்சைட் இருக்கிறது, செய்து கொடுத்த தம்பி வேலை கிடைத்து கோயம்புத்தூர் போய்விட்டார், உள்ளே போய்ப் பார்த்தால் நாற்பதுக்கும் மேல் பிளகின் (சைட்டில் கூடுதல் வசதி சேர்க்கிற குட்டி மென்பொருள்), அதில் பல வருடக்கணக்கில் அப்டேட் இல்லாமல் கிடக்கின்றன. முகம் தெரியாத யார் யாரோ இலவசமாக எழுதிப் போட்டதை நம்பலாமா, இல்லை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு காசு கொடுத்து வாங்க வேண்டுமா, நண்பர் ஒருவர் விலையுள்ள பிளகினை சும்மா தருகிறேன் என்கிறாரே அதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான், யாரை நம்புவது, எதைப் பார்த்து நம்புவது. குன்னூரில் இருந்துகொண்டு கூடலூர் வரை ஹோம்ஸ்டே, டீத்தூள் கடை, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன சைட்டுகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. உங்கள் சைட்டை நான் திறந்து பார்க்கவில்லை, அதனால் எது உறுதியான விஷயம், எது என் கணிப்பு என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பிளகின் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயார் செய்யும்போது வழியில் பல இடங்களில் நின்று, 'இப்போது தலைப்பைக் காட்டப் போகிறேன், இப்போது படிவத்தைச் சேமிக்கப் போகிறேன், யாராவது இதில் கை வைக்க வேண்டுமா' என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். அந்த இடங்களுக்கு ஹுக் என்று பெயர். பிளகின் எழுதுகிறவர் தனக்கு வேண்டிய ஹுக்கில் தன் கோடை, அதாவது நிரலை, மாட்டிவிடுகிறார், அவ்வளவுதான். 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ்ஸில் இந்த ஏற்பாடு 2004-ல் 1.2 பதிப்போடு வந்தது, அது வந்த பிறகுதான் ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அதன் மேல் கட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு, இது உறுதியானது: பிளகினுக்கும் வேர்ட்பிரஸ்ஸுக்கும் நடுவில் சுவரே கிடையாது. போனில் ஒரு ஆப் போட்டால் கேமரா வேண்டும், கான்டாக்ட் வேண்டும் என்று அனுமதி கேட்கிறதே, அப்படி எதுவும் இங்கே இல்லை. மேலே ஒரு பட்டையில் 'இ-பாஸ் (நீலகிரிக்கு வருகிற வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டு) எடுத்துக்கொண்டு வரவும்' என்று காட்டுவதற்காகப் போட்ட பிளகினும், உங்கள் டேட்டாபேஸ் முழுவதையும் படிக்கலாம், புது அட்மின் யூசரை உருவாக்கலாம், விருந்தினர் அனுப்பிய போன் நம்பரை வேறு எங்காவது அனுப்பலாம். பல்பு மாற்ற வந்தவரிடமும் வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி. நாற்பது பிளகின் என்றால் நாற்பது சாவிக்கொத்து வெளியே இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் சைட் மெதுவாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது ஒவ்வொரு பிளகினும் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது, இருபது நல்ல பிளகினை விட ஒரு மோசமான பிளகின் அதிகம் இழுக்கும். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு என் முதல் காரணம் இந்தச் சாவிதான்.

அப்படியானால் இந்தச் சாவியை வாங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் தனக்கு ஒரு தேவை வந்து, எழுதி, அதே தேவை மற்றவர்களுக்கும் இருக்குமே என்று பொதுவில் போட்டவர்கள். வேர்ட்பிரஸ்ஸின் லைசென்ஸ் ஜிபிஎல், கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், வேர்ட்பிரஸ் தளத்தில் இருக்கிற பிளகின் பட்டியலான அதிகாரபூர்வ டைரக்டரியில் வைக்கும் பிளகினும் அதற்கு ஒத்துப்போகிற லைசென்ஸில்தான் இருக்க வேண்டும். அந்த டைரக்டரியில் இன்று சுமார் 60,000 பிளகின்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பிளகின் முதல் தடவை நுழையும்போது ஒரு குழு கோடைப் பார்த்து அனுமதிக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு அப்டேட்டையும் ஆள் உட்கார்ந்து படிப்பதில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது, அது நடந்தும் காட்டியிருக்கிறது. 2017-ல் டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகினை, அப்போது சுமார் 2 லட்சம் சைட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது, எழுதியவர் வேறு ஒருவருக்கு விற்றார், வாங்கியவர் அப்டேட்டுக்குள் ஸ்பேம் போடுகிற கோடை நுழைத்தார். அதே வருடக் கடைசியில் கேப்ட்சா என்ற பிளகினிலும் இதே கதை, கை மாறியதும் பின்வாசல் வைக்கப்பட்டது, அது 3 லட்சம் சைட்டுகளில் இருந்தது. 2024 ஜூனில் விற்பனைகூட நடக்கவில்லை, சில டெவலப்பர்கள் வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்ததால் அவர்கள் கணக்குக்குள் புகுந்து பிளகினை மாற்றிவிட்டார்கள், அதற்கப்புறம்தான் அந்த வருட அக்டோபர் முதல் பிளகின் வைத்திருப்பவர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் ஆனது. இந்த உதாரணங்களில் எதிலும் முதலில் எழுதியவரின் கெட்ட எண்ணம் காரணம் இல்லை. கவனித்துக்கொண்டிருந்த கை விலகியது, அல்லது கவனம் தளர்ந்தது.

இலவசம் என்பதால் ஆபத்து, காசு கொடுத்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தை இதனால்தான் விட்டுவிடச் சொல்கிறேன். ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகின் காசு கொடுத்து வாங்குவதுதான். 2014-ல் அதில் பெரிய ஓட்டை வெளியே தெரிந்தபோது, நேரடியாக வாங்கியவர்கள் அப்டேட் செய்துகொண்டார்கள். ஆனால் ஏகப்பட்ட தீம்களில் (சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற ரெடிமேட் டிசைன்) அதைச் சேர்த்தே விற்றிருந்தார்கள், அந்தத் தீம் வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் சைட்டில் அது இருப்பதே தெரியாது, தீம் செய்தவர் புதுப்பித்தால்தான் உண்டு. உங்கள் சைட்டும் முகப்பில் பெரிய படங்கள் ஓடுகிற மாதிரி ரெடிமேட் தீமில் செய்ததாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள், தீமோடு ஒட்டி வந்த பிளகின்கள் எவை, அவற்றுக்கு அப்டேட் யார் தருகிறார்கள் என்று.

நண்பர் தருகிறேன் என்கிற பிளகினுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. சட்டப்படி அது தப்பா என்றால், விலையுள்ள பிளகின்களிலும் பலவற்றின் கோடு ஜிபிஎல்-தான், வாங்கியவர் பகிர்வதை அந்த லைசென்ஸ் தடுக்காது, படங்களும் டிசைனும் வேறு லைசென்ஸில் இருக்கலாம், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக அப்டேட்டுக்கும், சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பதற்கும். நண்பர் தருவதில் அந்த இரண்டும் இல்லை, ஃபைல் மட்டும்தான் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் அதை எங்கிருந்து இறக்கினார்? இப்படி லைசென்ஸ் பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிற தளங்கள் வழியாகத்தான் டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பல வருடம் பரவியது, ஒரு தீமோடு உள்ளே வந்து அதே ஹோஸ்டிங்கில் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர் இடம்) இருக்கிற மற்ற சைட்டுகளுக்கும் தாவும். உங்கள் ஹோஸ்டிங்கில் உறவினர் கடை சைட்டும் சேர்ந்து இருந்தால் அதுவும் போகும்.

சரி, ஒரு பிளகினை நம்பலாமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? டைரக்டரியில் அதன் பக்கத்துக்குப் போனால் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எத்தனை சைட்டில் ஓடுகிறது, எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்தார்கள் என்று போட்டிருக்கும். நட்சத்திரத்தை நான் கிட்டத்தட்ட பார்ப்பதே இல்லை. நேராக சப்போர்ட் பகுதிக்குப் போய், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் வந்த கேள்விகளுக்கு எழுதியவர் பதில் சொல்லியிருக்கிறாரா, எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று படிப்பேன். தெரியவில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்று நேர்மையாகச் சொல்கிற ஆள் என்றால் எனக்கு நம்பிக்கை வரும். அப்புறம் மாற்றங்களின் பட்டியல், ஒவ்வொரு பதிப்பிலும் என்ன சரி செய்தார்கள் என்பது. பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரி செய்தோம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம், கெட்டது இல்லை. பிளகின் மூடப்பட்டது என்ற அறிவிப்பு அந்தப் பக்கத்தில் இருந்தால் யோசிக்க வேண்டாம், மாற்று தேடுங்கள். இவை எல்லாம் அனுபவத்தில் வந்த அளவுகோல், உத்தரவாதம் கிடையாது, நேற்று வரை நன்றாகப் பதில் சொன்னவர் நாளை விற்றுவிடலாம்.

அப்டேட் இல்லாமல் கிடக்கிற எல்லாமே ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸின் கடைசி மூன்று முக்கியப் பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்றால் டைரக்டரி தானாகவே ஒரு எச்சரிக்கையைப் போடும், அது எழுதியவர் அந்த எண்ணை மாற்றவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஐம்பது வரியில் ஒரே ஒரு வேலை செய்கிற பிளகினுக்கு இரண்டு வருடம் அப்டேட் தேவைப்படாமலே போகலாம். ஆனால் படிவம் வாங்குவது, ஃபைல் ஏற்றுவது, பணம் வாங்குவது, யூசர் கணக்கு உருவாக்குவது, இந்த நான்கில் ஒன்றைச் செய்கிற பிளகின் ஒரு வருடமாக அசையாமல் இருந்தால் நான் வைத்திருக்க மாட்டேன். இன்னொன்று பிஎச்பி, வேர்ட்பிரஸ்ஸும் பிளகின்களும் எழுதப்பட்டிருக்கிற நிரல்மொழி. 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது, ஹோஸ்டிங்காரர்கள் எல்லோரையும் 8-க்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், பழைய பிளகின்களில் இருக்கிற சில கட்டளைகள் 8-ல் இல்லவே இல்லை. ஒரு நாள் காலையில் சைட் வெள்ளையாக நிற்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

இனி உங்கள் நாற்பதுக்கு வருவோம். பட்டியல் தெரியாவிட்டாலும் இங்கே ஹோம்ஸ்டே சைட்டுகளில் வழக்கமாகப் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், இது கணிப்புதான். இ-பாஸ் அறிவிப்புப் பட்டை ஒன்று, 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்ததும் நிறையப் பேர் அதற்கென்று ஒரு பிளகின் போட்டார்கள். வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று, ஊட்டி வானிலை காட்டுகிற ஒன்று, படங்களை யாரும் காப்பி செய்யாமல் தடுக்க ஒன்று, ஸ்லைடர் ஒன்று, அந்த ஸ்லைடர் வேலை செய்யாததால் இன்னொரு ஸ்லைடர். அறிவிப்பையும் வாட்ஸ்அப் இணைப்பையும் வேர்ட்பிரஸ்ஸின் சொந்த எடிட்டரிலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம். காப்பித் தடுப்பு எதையும் தடுப்பதில்லை, எடுத்துவிடுங்கள். வானிலை உங்கள் விருந்தினர் போனிலேயே இருக்கிறது. இப்படிப் பார்த்தால் ஒரு சாதாரண ஹோம்ஸ்டே சைட்டுக்கு அறை புக்கிங், தொடர்புப் படிவம், பேக்கப், கேஷ் (பக்கத்தைத் தயாராகச் சேமித்து வைத்து வேகமாகத் திறக்க வைப்பது), பாதுகாப்பு, தேடலுக்கு ஒன்று, இவற்றோடு ஒன்றிரண்டு போதும் என்பது என் எண்ணம். நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் ஓட்டை கண்டுபிடித்து தாக்கியபோது, 7 லட்சத்துக்கும் மேல் சைட்டுகளில் அது இருந்தது, உள்ளே இருந்த ஒரு ஃபைலை வெளியிலிருந்து நேராகவே கூப்பிட முடிந்தது. பிளகின் நிறுத்தப்பட்டிருந்தாலும் அந்த ஃபைல் சர்வரில் கிடக்கத்தானே செய்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது தொடர்புப் படிவம். பல ஹோம்ஸ்டேக்காரர்கள் புக்கிங்கின்போதே ஆதார் காப்பியைப் படிவத்திலேயே ஏற்றச் சொல்கிறார்கள். அந்தப் படம் எங்கே போய் உட்காருகிறது? சில பிளகின்கள் மெயிலோடு அனுப்பிவிட்டு அழித்துவிடும், சில சர்வரில் அப்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும், அந்த ஃபோல்டர் பொதுவாக எல்லோருக்கும் திறந்தது, முகவரி தெரிந்தால் யாரும் பார்க்கலாம், ஃபைல் பெயரை யூகிக்கக் கடினமாக வைத்திருப்பதுதான் சில இடங்களில் ஒரே பாதுகாப்பு. உங்கள் படிவம் எப்படிச் செய்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். ஒரு சாதாரணப் படத்தை நீங்களே அந்தப் படிவத்தில் ஏற்றிவிட்டு, ஹோஸ்டிங்கின் ஃபைல் பகுதியில் அது எங்கே வந்தது என்று தேடினால் தெரிந்துவிடும். பழைய ஆதார் காப்பிகள் அங்கே குவிந்திருந்தால் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடுங்கள். அடையாள அட்டையை விருந்தினர் வந்து இறங்கும்போது நேரில் வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல். குடும்பத்தோடு நம்மை நம்பி வருகிறவர்களின் ஆவணம் அது.

அப்டேட் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பிளகினையாவது உள்ளே திறந்து கோடை மாற்றினாயா? வாடிக்கையாளர் கேட்டது வரவில்லை என்றால் பிளகின் ஃபைலையே திருத்திவிடுவது பலருக்கும் வழக்கம், அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும் என்பதால் அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். உங்கள் சைட்டில் இத்தனை நிற்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஜிஎஸ்டி கணக்கோ சீசன் வாடகையோ அப்படி நுழைக்கப்பட்டிருந்தால், அப்டேட் செய்த அன்று புக்கிங் தொகை மாறிவிடும். அவர் எண் கிடைக்காவிட்டால் டைரக்டரியிலிருந்து அதே பதிப்பைப் புதிதாக இறக்கி ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம், கமாண்ட் லைன் தெரிந்தவர் இருந்தால் டைரக்டரியில் இருக்கிற பிளகின்களுக்கு இது ஒரு கட்டளையில் முடிகிற வேலை. மாற்றம் இருந்தால் அதை ஒரு தனிக் குட்டி பிளகினாக, ஹுக் வழியாக எழுதி வைப்பதுதான் முறை, தீமில் செய்த மாற்றமென்றால் சைல்ட் தீமில், அதாவது மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கிற துணைத் தீமில்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். மே மாதம் கோத்தகிரி நேரு பார்க்கில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று புக்கிங் குவிகிற நேரத்தில் தொடாதீர்கள், பாதுகாப்பு அப்டேட் தவிர. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் குறைந்த பிறகு உட்காருங்கள். முதலில் ஃபைல், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்கப் எடுத்து, அதை ஹோஸ்டிங்கிலேயே வைக்காமல் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு நகல் சைட்டில் செய்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக, ஒன்று முடித்து புக்கிங் படிவத்தைச் சோதித்துவிட்டு அடுத்தது. மழையில் கரண்ட் போய் நடுவில் நெட் அறுந்தால் பதற வேண்டாம், அப்டேட் நடப்பது சர்வரில்தான், பராமரிப்பு நடக்கிறது என்ற வாசகத்தோடு சைட் நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் அது தானாக விலகும். சைட் முழுதாக விழுந்தால் அட்மின் மெயிலைப் பாருங்கள், 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து எந்த பிளகினால் விழுந்தது என்று சொல்லி உள்ளே நுழைய ஒரு இணைப்பை வேர்ட்பிரஸ் அனுப்பும். அந்த மெயில் அந்தத் தம்பியின் முகவரிக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறதா என்று முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எல்லா பிளகினும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், சைட் எழுந்துவிடும்.

பக்கங்களைத் தமிழில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். தமிழ்த் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும், உள்ளே அது சதவீதக் குறிகளாகச் சேமிக்கப்படும், ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஒன்பது இடம். மொத்தம் இருப்பது 200. கோத்தகிரி என்ற ஒரு சொல்லுக்கே 81 போய்விடுகிறது, ஆகவே மூன்றாவது சொல்லில் முகவரி வெட்டப்படும். இதைச் சரி செய்யவும் பிளகின் விற்கிறார்கள், வேண்டாம், எழுதும்போதே முகவரிக் கட்டத்தில் சின்னதாக ஆங்கில எழுத்தில் கையால் போட்டால் முடிந்தது. ஏற்கெனவே வெளியான பதிவுகளை மாற்றினால் பழைய முகவரியைப் புதியதற்கு வேர்ட்பிரஸ்ஸே திருப்பிவிடும், பக்கங்களுக்கு அதை நம்ப முடியாது, அவற்றை விட்டுவிடுங்கள். புக்கிங் பிளகினில் பாதி தமிழ் பாதி ஆங்கிலம் வருகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தத் தமிழ் வரிகளை மொழிபெயர்த்தவர்களும் பெரும்பாலும் இதே மாதிரி சம்பளமில்லாமல் செய்கிறவர்கள்தான். டைரக்டரியில் இருக்கிற பிளகின் என்றால் மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒரு கணக்கு திறந்து விடுபட்ட வரிகளை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், சரிபார்க்கிறவர் ஒப்புக்கொண்டால் அந்த பிளகினைத் தமிழில் வைத்திருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரும். 'முன்பதிவு', 'செக்-இன்' என்று விருந்தினர்கள் உண்மையில் சொல்கிற சொல் உங்களுக்குத்தான் தெரியும், இதற்கு கோடு தெரிய வேண்டியதில்லை. நாற்பதை எட்டாகக் குறைத்த பிறகு அந்த எட்டை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள், நன்கொடைப் பொத்தான் இருந்தால் ஒரு ராத்திரி அறை வாடகையில் ஒரு பங்கை வருடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள், பிழை கண்டால் கோபமில்லாமல் விவரமாக எழுதுங்கள். எழுதியவர் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போவதால்தான் நல்ல பிளகின்கள் பல செத்துப்போகின்றன.

வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு மென்பொருளான ட்ருபாலுக்கு மாறிவிடு என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பில் இருக்கிற மாட்யூல் (பிளகினுக்கு அங்கே பெயர்) எது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் போட்டிருப்பார்கள், அது நல்ல பழக்கம். ஆனால் ஆறு அறை இருக்கிற ஹோம்ஸ்டேக்கு அதைப் பராமரிக்க மலையில் ஆள் கிடைப்பது கஷ்டம், இருப்பதையே சுத்தம் செய்யுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். டேஷ்போர்டில் டூல்ஸ் பகுதியில் சைட் ஹெல்த் இருக்கும், அதில் இன்ஃபோ பக்கத்தில் எல்லா பிளகின் பெயரும் பதிப்பு எண்ணோடு வரும், மொத்தமாகக் காப்பி எடுக்க ஒரு பொத்தானும் உண்டு. அதில் பிளகின், தீம், பிஎச்பி பதிப்பு இந்த மூன்று பகுதியை மட்டும் இங்கே ஒட்டுங்கள், சைட் முகவரியும் ஃபோல்டர் பாதையும் வருகிற வரிகளை எடுத்துவிடுங்கள். எதை முதலில் எடுக்கலாம், எதைத் தொடாமல் ஜூன் வரை விடலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.